சாம்பல் மலையின் உள்பக்கம்

ஜூன் 4

வீட்டில் இருக்கும் பெரிய மனிதருக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பேனாவைக் குறை சொல்லாதீர்கள், பேனா நன்றாகத்தான் எழுதுகிறது.

அக்கா வீட்டில் நான் நலம். நீங்களும் நலம்தான் என்று மாடி வீட்டு அம்மா சொன்னதிலிருந்து தெரிகிறது. பெயிண்ட் கடையிலிருந்து வந்ததும் ரேடியோவை அலறவிட்டு, முன்னறைப் பொம்மைக் கட்டை மலைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறீர்களாம். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். "உங்க வீட்டு மலை நகர மன்றத்துக்குப் போகுதாமே! ரெண்டு மாசம் அங்கேயே வைக்கப்போறாங்களாமே, உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. அந்த மலைக்குள் என் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் கிடக்கின்றன. அது ஊர்வலம் கிளம்புகிற செய்தியை எனக்கு மாடி வீட்டு அம்மா சொல்ல வேண்டியிருக்கிறது.

போனில் பேசிக்கொள்ளலாமே என்று அக்கா வீட்டு மாமா சொன்னார். வேண்டாம் என்றேன். உங்கள் குரலைக் கேட்டால் நான் கத்துவேன். நான் கத்தினால் நீங்கள் சிரிப்பீர்கள். நீங்கள் சிரித்தால் நான் போனைச் சுவரில் அடிப்பேன். போன் அக்காவுடையது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று கேட்பவர்களிடம் எல்லாம் "அவளுக்கு மூக்கு மேல கோபம்" என்று சொல்லிவருகிறீர்களாம். காரணத்தை எழுத்திலேயே தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் நிருபர் வந்தார். பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளை அடுக்கிக் கட்டியது என்று நம்பவே முடியவில்லை, நிஜப் பாறையை வெட்டிக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறது என்று வாயைப் பிளந்தார். யார் கட்டியது என்று கேட்டார். நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். கட்டைகளை அழுத்தி அழுத்தி என் விரல் நுனியெல்லாம் வீங்கியிருந்தது. நீங்கள் சொன்னீர்கள்: "நான்தாங்க. வீட்டம்மா நடுநடுவுல டீ போட்டுத் தருவாங்க." அவர் சிரித்தார், நீங்களும் சிரித்தீர்கள். மறுநாள் அது பேப்பரில் வந்தது, டீ உட்பட.

நம் வீட்டில் டீ போடுவது நீங்கள்தான் என்பது வேறு விஷயம்.

என்னைக் கேட்காமல் மலையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
டீ போடத் தெரியாத உங்கள் மனைவி


ஜூன் 9

என் அருமைக் கட்டுக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் உறையைக் கொடுக்கும்போதே சுட்டது.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தமாஷுக்குச் சொன்னேன். நிருபர் முன்னால் நாக்கு வறண்டு போய் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவாளா? எலும்பு ஆஸ்பத்திரியில் கை ஒடிந்தவன், கால் ஒடிந்தவன் எல்லோருக்கும் பொறுமையாக மாவுக்கட்டு போடுகிறாய். எனக்கு மட்டும் பொறுமை கிடையாதா? கடையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் தினமும் கேட்கிறார்கள். "அண்ணி இன்னும் வரலையா?" என்ன பதில் சொல்வது? மூன்று டப்பா பச்சையைத் தப்பாகக் கலந்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன். வாழ்நாளில் நான் நிறம் தப்பாகக் கலந்ததுண்டா?

மலை விஷயத்தில் உன்னிடம் மறைக்கவில்லை. சொல்வதற்கு நீ வீட்டில் இருந்தால்தானே! நகர மன்றச் செயலாளர் தானாகவே தேடி வந்தார். ஜூலை முதல் வாரம் திறப்பு விழா. இப்படி ஒரு வாய்ப்பு நம்மைப் போன்றவர்களுக்கு எப்போது வரும், சொல்.

இப்போது ஒரு சிக்கல். ஆட்கள் வந்து அளந்து பார்த்தார்கள். மலை முன்னறை வாசலில் நுழையாது. ஜன்னலைக் கழற்றினாலும் நுழையாது. நாம் உள்ளேயே வைத்துக் கட்டினோமா, வெளியே போகவேண்டி வரும் என்று யார் கண்டது! ஆனால் இது தனித்தனிப் பாளமாகப் பிரியும்படிதான் கட்டியிருக்கிறேன் என்று நீ எப்போதோ சொன்ன ஞாபகம். எங்கே பிரியும்? நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டேன். ஒரு கோடுகூடத் தெரியவில்லை. நீ விட்ட இணைப்புகளின் மேலெல்லாம் நான் பாறையை அவ்வளவு சுத்தமாக இழைத்து மூடியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள். இதையாவது சாமர்த்தியம் என்று ஒத்துக்கொள்வாயா?

சீக்கிரம் எழுது. முடிந்தால் நேரிலேயே வா.

உன்,
பெயிண்டுக்காரன்


ஜூன் 13

பெயிண்டுக்காரருக்கு,

ஒத்துக்கொள்கிறேன். நான் உங்களைப் போல் இல்லை, அடுத்தவர் செய்ததை அடுத்தவர் செய்தது என்று சொல்வதற்கு எனக்கு நாக்கு வறளாது.

மூன்று சாம்பல் நிறக் கட்டைகளைக் கலந்து நீங்கள் பாறையாக்குவதைப் போல வேறு யாராலும் செய்ய முடியாது. தண்ணீர் படும் இடத்தில் கறுப்பு கலந்த சாம்பல், மேலே வெயில் பட்ட சாம்பல், நடுவில் எங்கோ பாசி படிந்ததுபோல ஒரே ஒரு பச்சைக் கட்டை. சரிவுக் கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி, இன்னொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி எதுவும் வராமல் பார்த்துக்கொள்வீர்கள். பாறையின் அடுக்குகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு முழுச் சுவரையே பிய்த்துப் போட்டீர்களே, அன்றைக்கு உங்களை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் நீங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உங்கள் பாறைத்தோல் எதன்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்தீர்களா? உள்ளே சாம்பல் கட்டையை வீணாக்கக் கூடாது என்று, பழைய விளையாட்டுச் சாமான் விற்றவரிடம் மூட்டையாக வாங்கிய சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாவற்றையும் போட்டு நான் கட்டினேன். நீங்கள் மலைமுகப்பில் அந்தரத்தில் நீட்டிவிட்டீர்களே ஒரு பாறை, மூக்கு என்று பெயர் வைத்தீர்களே, அது எத்தனை தடவை விழுந்தது? பிறகு ஒருநாள் விழாமல் நின்றது. "பார்த்தியா, மூக்கு பிடிச்சுக்கிச்சு!" என்று குதித்தீர்கள். அது தானாகப் பிடித்துக்கொள்ளவில்லை. முன்கை ஒடிந்தால் மேலே முழங்கை மூட்டையும் கீழே மணிக்கட்டையும் சேர்த்து அசையாமல் கட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தினமும் செய்கிற வேலையை உள்ளே செய்து வைத்தேன். அன்றைக்கே சொன்னேன். "ம், ம்" என்றீர்கள்.

எங்கே பிரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வந்து பிரித்துத் தருகிறேன். எனக்கு வேண்டியது இரண்டு. முதலாவது, அங்கே வைக்கும் பலகையில் கட்டியவர்கள் கணவனும் மனைவியும் என்று இருக்க வேண்டும். இரண்டாவது, யாராவது கேட்டால் உங்கள் வாயாலும் அதையே சொல்ல வேண்டும். இவ்வளவுதான். நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா?

இப்படிக்கு,
பின்னால் உட்கார்ந்திருந்தவள்


ஜூன் 18

பிடிவாதக்காரிக்கு,

சந்தோஷமா? இப்போது சந்தோஷமா? மூக்கு போய்விட்டது.

நீ வந்து பிரித்துத் தரும்வரை காத்திருந்தால் காரியம் ஆகாது என்று சமையல் கத்தியை எடுத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஓர் இடத்தில் நெம்பிப் பார்த்தேன். ஏதோ டக் என்றது. இணைப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பாதி முகப்பு தரைக்கு வந்துவிட்டது. மூக்கு அலமாரிக்கு அடியில் கிடந்தது. குனிந்து குனிந்து கட்டை பொறுக்கி என் இடுப்பு போயிற்று. நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா? தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறாயே, இது உனக்கே நன்றாக இருக்கிறதா?

உன் நிபந்தனையைச் செயலாளரிடம் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார். கட்டியவர் என்று என்னைப் போட்டுவிட்டு, கீழே 'உதவி: மனைவி' என்று போடலாமாம். எழுத்தும் பெரிய எழுத்துதான். எனக்கு நியாயமாகப்படுகிறது. கோபப்படாமல் யோசி. பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? பாறையைத்தானே? கட்டிடத்துக்குப் பெயிண்ட் அடித்தால் சுவர் தெரியுமா, பெயிண்ட் தெரியுமா?

உன் பெட்டிமேல் பூனை படுத்துத் தூங்குகிறது. அதுவும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன்,
இடுப்பு போனவன்


ஜூன் 21

மலையைக் கத்தியால் குத்தியவருக்கு,

அந்தக் கத்தி காய் நறுக்குவதற்கு.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்துப் படித்தேன். நான் அதைக் கசக்கியதைப் பார்த்து, மாவுக்கட்டு போட வந்திருந்த நோயாளி எழுந்து வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அப்படி ஒரு கோபம் வந்தது. நீங்கள் கத்தி வைத்த இடத்தில்தான் மூக்கைத் தாங்குகிற தண்டு இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவர் எதற்காகக் கத்தியை எடுக்க வேண்டும்?

உதவியா? நான் உதவியா? சுவரில்லாமல் நீங்கள் எதன்மேல் பெயிண்ட் அடிப்பீர்கள்? ஒருநாள் காற்றில் அடித்துக் காட்டுங்கள், வந்து கை தட்டுகிறேன். பெரிய எழுத்தாம். அந்தப் பெரிய எழுத்தை உங்கள் செயலாளர் தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளட்டும்.

இனி மலையைத் தொடாதீர்கள். விழுந்ததையும் அப்படியே விடுங்கள். நான் சொன்னபடி பலகையை அடிக்கச் சொல்லி, அதைப் படம் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்புங்கள். படம் வந்த பிறகு, நீங்கள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து பிரித்து வைக்கிறேன். நான் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் திரும்பிப் போய்விடுவேன்.

நான் வருவது உங்களுக்காக இல்லை. மலை என்ன பாவம் செய்தது?

பூனைக்கு மீன் தலையை முள் எடுத்துவிட்டுப் போடவும்.

இப்படிக்கு,
உதவி அல்லாதவள்


ஜூன் 28

என் கட்டுக்காரிக்கு,

நேற்று கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். தரையெல்லாம் போர்வை விரித்து, ஐந்து பாளங்களாக மலை. திறந்து கிடக்கிறது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நிஜமாகத் தெரியாது. சும்மா கொட்டி நிரப்பியிருப்பாய் என்றுதான் மூன்று வருடமும் நினைத்திருந்தேன். மஞ்சள் தூண், அதற்குக் குறுக்கே சிவப்பு, அதைப் பிடித்துக்கொண்டு நீலப் படி. நான் எங்கெங்கே பாறையை நீட்டியிருக்கிறேனோ அங்கெல்லாம் பின்னால் ஒரு கை வந்து தாங்குகிறது. நான் இடம் மாற்றிய இடத்தில் நீயும் மாற்றியிருக்கிறாய். எத்தனை தடவை மாற்றியிருக்கிறாய் என்று தேய்ந்த கட்டையைப் பார்த்தாலே தெரிகிறது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆமாம், எனக்கும் வரும். ஏன் சொல்லவில்லை? ஒருநாள் 'ம், ம்' என்றேன், சரி. கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் உட்காரவைத்து "பாரு" என்று சொல்ல உனக்கு என்ன? ஆஸ்பத்திரியில் அத்தனை பேரை அதட்டுகிறவள், என்னை ஒருநாள் அதட்டியிருக்கக் கூடாதா? வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தாங்கிவிட்டு, கடைசியில் தெரியவில்லையே என்று பெட்டியைத் தூக்கினால் நான் என்ன செய்வேன்? அது எனக்குச் செய்த அநியாயம் இல்லையா?

போகட்டும். பலகையின் படத்தைப் பார்த்தாய் அல்லவா? நீ கேட்டது கேட்டபடி இருக்கிறது. செயலாளரிடம் சண்டை போட்டு வாங்கினேன். மூக்கையும் திரும்ப ஒட்டிவிட்டேன்.

விழா ஐந்தாம் தேதி, சாயங்காலம். வா. அங்கிருந்து அப்படியே நம் வீட்டுக்கு வந்துவிடு. வீடு வீடாகவே இல்லை. பாளங்களை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று மட்டும் எழுதி அனுப்பு.

உன்,
பெயிண்டுக்காரன்


ஜூன் 30

அன்புள்ள உங்களுக்கு,

எழுதிவிட்டேன், பார்த்தீர்களா. அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து "அன்புள்ளவா?" என்று சிரிக்கிறாள். அவளைக் கொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்னதில் பாதி நியாயம். நான் அதட்டியிருக்கலாம். மீதிப் பாதியை வீட்டுக்கு வந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறேன், கடிதத்தில் அதற்கு இடம் போதாது.

சேர்ப்பது சுலபம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நடுப் பாளத்தை முதலில் வைக்க வேண்டும். அதன் அடியில் இரண்டு பக்கமும் நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும். மற்றவை அந்த நாக்குகளின் மேல் வந்து உட்கார வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுப் பாளம் உள்ளே போகவே போகாது. எனக்கு விழா அன்றுதான் விடுப்பு கிடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் நானே வந்து வைத்துவிடுவேன்.

வருகிறேன். பெட்டியைத் தூக்கினேன், தூக்கினேன் என்கிறீர்கள், பெட்டிமேல்தான் பூனை தூங்குகிறதே. அது பழைய பெட்டி. நான் எடுத்து வந்தது சின்னப் பை. அதோடு வருகிறேன்.

உங்கள்,
கட்டுக்காரி


ஜூலை 7

பெயிண்ட் கடையில் வேலை பார்ப்பவருக்கு,

ஐந்தாம் தேதி நான் வந்தது உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்படி ஆக்கிவிட்டீர்கள். ஆனால் நான் எப்போது வந்தேன், எதையெல்லாம் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

நுழைந்ததும் பலகையைத்தான் பார்த்தேன். கட்டியவர்கள்: கணவன், மனைவி. இரண்டும் ஒரே அளவு எழுத்து. ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தேன். காவலாளி "தொடாதீங்கம்மா" என்றார். அன்றைக்கு எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை.

பிறகு மலையைப் பார்த்தேன். நடுப் பாளம் ஒரு சாண் முன்னால் தள்ளி நின்றது. இரண்டு பக்கமும் இடைவெளி. நீங்கள் ஓரத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். என் கடிதத்தைப் படித்த மனிதர் அப்படிச் செய்யமாட்டார். 'வருகிறேன்' என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்துவிட்டு மற்றதை மடித்து வைத்திருப்பீர்கள். அப்போதும் நான் மன்னித்துவிட்டேன். அவசரக்காரர், வழக்கம்போல என்று நினைத்தேன்.

அந்த இடைவெளி வழியாகத்தான் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பல் பாறைக்குள் அத்தனை சிவப்பும் மஞ்சளும் தெரிந்தது. பெரியவர்கள்கூட மண்டி போட்டார்கள். "கல்லுக்குள்ள இவ்வளவு கலரா!" என்று ஒரு அம்மா சொன்னார். நான் கட்டியதை முதல்தடவையாக மற்றவர்கள் பார்க்கிறார்கள். கூட்டத்தில் பின்னால் நின்றேன், பையோடு.

அந்த நிருபரேதான் வந்தார். பிப்ரவரியில் வந்தவர். உங்களைக் கேட்டார்: "உள்பக்கத்தைக் காட்டணும்னு எப்படி சார் தோணிச்சு?"

நீங்கள் ஒரு கணம் தயங்கினீர்கள். நான் பார்த்தேன். 'தப்பாகச் சேர்த்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். 'உள்ளே இருப்பது என் மனைவியின் வேலை' என்று சொல்லியிருக்கலாம். பலகை உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது, அதைக் காட்டினாலே போதும். நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னீர்கள்: "மலைன்னா வெளியே மட்டும் பார்த்தா போதாதுங்க. அதான் வேணும்னே இடைவெளி விட்டேன். உள்ளே ஒவ்வொண்ணும் ஒரு கணக்கு. மனசுக்குள்ள போட்ட கணக்கு."

நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். நீங்கள் அதட்டச் சொன்னீர்களே. "உள்ளே கட்டினது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். நீங்களும் பார்த்தீர்கள். முதலில் என் முகத்தை, பிறகு என் கையில் இருந்த பையை. பையைப் பார்த்தபோது உங்கள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சொன்னீர்கள்: "இவங்கதான் நம்ம வீட்டம்மா. இப்படித்தான் தமாஷா பேசுவாங்க."

கூட்டம் சிரித்தது. நிருபர் சிரித்தார். காவலாளி சிரித்தார். நீங்கள் கையை நீட்டி "வா, வா" என்று கூப்பிட்டீர்கள், போட்டோவுக்கு.

பிப்ரவரியில் நாக்கு வறண்டது என்றீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்றீர்கள். இந்தத் தடவை எல்லாம் தெரியும். போர்வைமேல் விரித்து, செருப்போடு உட்கார்ந்து பார்த்தீர்கள். தேய்ந்த கட்டையைக்கூடப் பார்த்தீர்கள். என்னிடம் கடிதத்தில் அழகாக எழுதத் தெரிந்த உங்களுக்கு, நாலு பேர் முன்னால் அதைச் சொல்ல மனசு வரவில்லை. பலகையில் எழுத வைத்தது என் கடிதம். வாயில் வந்ததுதான் நீங்கள்.

அங்கிருந்தே பையோடு அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பொய்க்காகக்கூட இல்லை. நான் உண்மையைச் சொன்னபோது, அதை ஊரே சிரிக்கிற தமாஷாக ஆக்கினீர்களே, அதற்காக.

கண்காட்சி முடிந்ததும் பாறைத்தோலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி ஒரு சாக்கில் போட்டு, மாடி வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். மாமா வந்து வாங்கிக்கொள்வார். நீங்கள் வர வேண்டாம். பூனையை வேண்டுமானால் அனுப்புங்கள்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை எனக்குக் கொடுத்திருக்கிறாள். சாம்பல் கட்டை கொஞ்சம் வாங்கி, பாறை கட்டிப் பார்க்கிறேன். வெளிப்பக்கம். வரவில்லை. எல்லாம் ஒரே மாதிரி உருண்டையாக, உருளைக்கிழங்கு மூட்டை சாய்ந்து கிடப்பதுபோல் இருக்கிறது. அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நேற்று மாமா வேலையிலிருந்து வந்து, மேசைப் பக்கம் நின்று, "இதை யாரும்மா கட்டினது?" என்று கேட்டார். இந்த வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவருக்குத் தெரியாதா? வேண்டுமென்றேதான் கேட்டார்.

"நான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கிழங்காகப் பார்த்தார்.

இப்படிக்கு,
எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுபவள்